பின்சீட்டில் ஒரு வருடம் உட்காருங்கள்

புதிதாக லைசென்ஸ் வாங்கிய பிள்ளைகளைப் பெற்ற அனுமந்தன்பட்டிக்காரர்களுக்கும், உத்தமபாளையம் முதல் கூடலூர் வரையிலுள்ள எல்லா அப்பா அம்மாக்களுக்கும்,



உங்கள் பிள்ளை பதினெட்டு முடித்து, எட்டுப் போட்டு, லைசென்ஸ் வாங்கி வந்த நாள் உங்கள் வீட்டில் நல்ல நாள். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை எடுத்திருப்பீர்கள். அல்லது கோயிலுக்குக் கொண்டுபோய் சாமியாரிடம் மந்திரித்து வாங்கியிருப்பீர்கள். அந்தச் சந்தோஷத்தில் எனக்கும் பங்கு உண்டு. இந்தப் பக்கத்தில் வண்டி சொல்லிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. ஆனால் அன்றோடு நீங்கள் உங்கள் பிள்ளையின் ஓட்டத்தைப் பற்றி விசாரிப்பதை நிறுத்திவிடுகிறீர்கள். வகுப்பு நடக்கும்போது கொண்டுவந்து விட்டீர்கள், மரத்தடியில் நின்று பார்த்தீர்கள், "என்னண்ணே, எப்படி ஓட்டுறான்?" என்று கேட்டீர்கள். லைசென்ஸ் வந்தபிறகு யாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. எந்த நாளில் நீங்கள் கூட ஏறி உட்கார வேண்டுமோ அதே நாளில் இறங்கிவிடுகிறீர்கள். என் வருத்தம் அதுதான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

லைசென்ஸ் எதற்குச் சாட்சி என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எதிரே எதுவும் வராத மைதானத்தில், காலைத் தரையில் ஊன்றாமல், எட்டு வடிவக் கோட்டுக்குள் வண்டியை வளைத்து ஓட்டியதற்குச் சாட்சி. காராக இருந்தால் 'எச்' போட்டதற்குச் சாட்சி. எல்.எல்.ஆர். வாங்கி முப்பது நாள் ஆகிவிட்டால் இந்தத் தேர்வுக்குப் போகலாம். கிளட்சும் கியரும் பழகிவிட்டதா, கைகாட்டத் தெரிகிறதா, வண்டி சாயாமல் நிற்கிறதா என்று பார்க்க அது போதும். ஆனால் விடிவதற்கு முன்னால் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டுக்குப் பறக்கிற ஜீப் அந்த மைதானத்தில் வராது. நெல் அறுப்புக் காலத்தில் டிராக்டர் சக்கரத்திலிருந்து வயல் சேறு தார் ரோட்டில் விழுந்து, ஒரு தூறலுக்கே சோப்பு மாதிரி வழுக்காது. பின்விளக்கு இல்லாத டிரெய்லர் இருட்டில் நிற்காது. கார்த்திகையில் மாலை போட்டுக்கொண்டு, கர்நாடகாவிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் ராத்திரி முழுக்கத் தூங்காமல் ஓட்டி வருகிற வேன்கள் அங்கே வராது. திண்டுக்கல்–குமுளி நெடுஞ்சாலையில் இதெல்லாம் உண்டு. உங்கள் பிள்ளை அந்த ரோட்டில்தான் கல்லூரிக்குப் போகப்போகிறான்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். பிள்ளைகளிடமும் இதைச் சொல்வேன். சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற ஒரு லாரியை, உங்கள் பையன் 70-ல் முந்துகிறான். பின்னால் விட்ட இடைவெளி, லாரியின் நீளம், முந்தியபிறகு முன்னால் விடவேண்டிய இடம் எல்லாம் சேர்த்து அவன் லாரியைவிடச் சுமார் 40 மீட்டர் கூடுதலாகப் போயாக வேண்டும். அதற்கு ஏழு விநாடி ஆகும். அந்த ஏழு விநாடியில் அவன் ரோட்டில் 140 மீட்டர் போயிருப்பான். எதிரே 70-ல் வருகிற பஸ்ஸும் 140 மீட்டர் வந்திருக்கும். ஆக, முந்த ஆரம்பிக்கும்போது முன்னால் 280 மீட்டர் காலியாக இருந்தால்தான் அவன் பிழைப்பான். அவன் கண்ணுக்கு 150 மீட்டரே தாராளமாகத் தெரியும். 280 மீட்டர் என்றால் எவ்வளவு என்று பார்வையிலேயே கணிக்க வேண்டுமானால் பழகியிருக்க வேண்டும். அதைப் பழக்குவதற்கு எந்த மைதானமும் கிடையாது. ரோட்டில்தான் பழக வேண்டும், பக்கத்தில் ஆள் இருக்கும்போது பழக வேண்டும்.

"நம்ம ரோட்டுல எல்லாரும் இப்படித்தானே கத்துக்கிட்டோம்" என்று நீங்கள் சொல்வீர்கள். நாம் கற்றுக்கொண்ட காலத்தில் கையில் இருந்தது பழைய டி.வி.எஸ். ஃபிஃப்டி; முறுக்கினாலும் அது ஓடுகிற வேகம் அவ்வளவுதான். இன்று உங்கள் பையன் கேட்பது 150, 200 சி.சி. வண்டி. நின்ற இடத்திலிருந்து சில விநாடியில் 60-ஐத் தாண்டும். 60-ல் போகிற வண்டி ஒரு விநாடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் நகர்கிறது. ஆபத்தைக் கண்ணால் பார்த்து, மூளைக்கு எட்டி, கை பிரேக்கைப் பிடிப்பதற்குள் 17 மீட்டருக்கு மேல் போய்விடும். அதற்குப் பிறகுதான் பிரேக் வேலைசெய்யத் தொடங்கும். வேகம் இரண்டு மடங்கானால் மோதும் வலு நான்கு மடங்காகும். பள்ளிக்கூடத்தில் அவனே படித்த பாடம்தான்.

2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன. இந்தியாவிலேயே அதிக எண்ணிக்கை நம்முடையது. அவற்றில் இறந்தவர்கள் 17,884 பேர். நாளுக்குச் சராசரியாக 49 பேர். அதே ஆண்டில் நாடு முழுக்க ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029 பேர். பதினெட்டு வயது நிரம்பாமல் ரோட்டில் செத்த பிள்ளைகள் 9,528 பேர். இவை மத்திய அரசே வெளியிட்ட எண்கள். இந்த எண்கள் நம் ஊருக்கு எந்த வடிவத்தில் வருகின்றன என்று உங்களுக்கே தெரியும். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் 'கண்ணீர் அஞ்சலி' என்று ஒரு ஃபிளெக்ஸ் வைக்கிறார்கள். அதில் மீசை அரும்பிய ஒரு பையன் தன் பைக்கில் சாய்ந்து நிற்கிறான். அந்த வண்டி வாங்கிய அன்று எடுத்த படத்தையே பெரிதாக்கிப் போட்டிருப்பார்கள். கீழே நண்பர்களின் முகங்கள் வரிசையாக. அடுத்த வாரமும் அந்த நண்பர்களில் மூன்று பேர் ஒரே வண்டியில் அந்த ஃபிளெக்ஸைத் தாண்டிப் போகிறார்கள். நீங்களும் பார்க்கிறீர்கள், நானும் பார்க்கிறேன்.

அடிபட்ட பிள்ளைக்குத் தலையில் காயம் என்றால் கம்பத்திலோ உத்தமபாளையத்திலோ முதலுதவி செய்து, தேனியையும் தாண்டி க.விலக்கு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அங்கேயும் முடியாவிட்டால் மதுரை. 108 வண்டி 2008-இலிருந்து ஓடுகிறது. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 2021 டிசம்பரிலிருந்து அரசே பணம் கட்டுகிறது. இரண்டும் பெரிய உதவிகள்தான். ஆனால் நம் பள்ளத்தாக்கின் தென்கோடியிலிருந்து க.விலக்கு வரைக்குமான தூரத்தை யாராலும் சுருக்க முடியாது.

மற்ற நாடுகள் இந்த முதல் வருடத்தை எப்படிப் பார்க்கின்றன என்று கேளுங்கள். நியூசிலாந்து 1987-லேயே ஒரு முறை கொண்டுவந்தது. புதிதாகத் தேறிய இளவயதுக்காரருக்கு முழு லைசென்ஸை ஒரேயடியாகக் கொடுக்காது. முதலில் கட்டுப்பாட்டோடு ஒரு லைசென்ஸ். ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஐந்து மணிவரை தனியாக ஓட்டக் கூடாது. அனுபவமுள்ளவர் கூட இல்லாமல் மற்றவர்களை ஏற்றக் கூடாது. அதில் தாக்குப்பிடித்தவர்களுக்குத்தான் முழு லைசென்ஸ். ஜப்பானில் 1972 முதல், புதிதாக லைசென்ஸ் வாங்கியவர் ஒரு வருடத்துக்குக் காரில் பச்சையும் மஞ்சளும் கலந்த ஒரு முத்திரையை ஒட்டிக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். பார்த்தவர்கள் அவருக்கு இடம் விட்டுப் போவார்கள். இப்படிப்பட்ட முறைகளுக்குப் பின்னால் நீண்டகால ஆய்வுகள் இருக்கின்றன. அவை எங்கே நடந்தாலும் ஒரே விஷயத்தைத்தான் காட்டின. பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கும் காலத்தில் விபத்து மிகக் குறைவு. தனியாகப் போகத் தொடங்கிய முதல் சில மாதங்களில் விபத்து உச்சத்துக்குப் போகிறது. பிறகு மெல்ல இறங்குகிறது. கூட இருப்பவர்கள் சமவயதுக்காரர்களாக இருந்தால், தலை எண்ணிக்கை கூடக்கூட ஆபத்தும் கூடுகிறது.

நம் சட்டத்தில் இந்த நடுப்படி கிடையாது. நேற்றுவரை எல் போர்டு, இன்று லைசென்ஸ். இன்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அவன் நண்பனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி மலை ஏறினால் சட்டம் அவனைத் தடுக்காது. அந்த நடுப்படியை உங்கள் வீடுதான் கட்ட வேண்டும். வேறு யாரும் கட்டப் போவதில்லை.

பதினெட்டுக்கு முன்பே, ஒன்பதாவது பத்தாவது படிக்கிற பிள்ளையிடம் கியர் வண்டிச் சாவியைக் கொடுக்கிறவர்களுக்கு ஒன்றைச் சொல்லி நகர்கிறேன். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி பெற்றவருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டிப் பதிவு ஒரு வருடத்துக்கு ரத்து. அந்தப் பிள்ளை 25 வயதுவரை லைசென்ஸ் வாங்க முடியாது. இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

லைசென்ஸ் வாங்கியவர்களின் பெற்றோரிடம்தான் எனக்குப் பேச்சு நிறைய இருக்கிறது. முதலில் வண்டி. பிளஸ் டூ முடித்து ஹவுதியா கல்லூரியில் இடம் கிடைத்ததும் பையன் ஒரு படத்தைக் காட்டி "இதுதான் வேணும்" என்கிறான். இரண்டு நாள் சாப்பிடாமல் கிடக்கிறான். நீங்கள் திராட்சை விற்ற பணத்தையோ சங்கத்தில் வைத்த நகைப் பணத்தையோ கொடுத்து வாங்கிக் கொடுக்கிறீர்கள். உங்கள் பாசத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் முதல் வருடத்துக்கு அவனுக்கு வேண்டியது 100, 110 சி.சி. வண்டி. நீங்கள் ஓட்டிப் பழசான வண்டியாக இருந்தால் இன்னும் நல்லது. புது வண்டி வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஏ.பி.எஸ். இருக்கிறதா என்று பாருங்கள். சிறிய வண்டி என்றால் இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கிற வசதி இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய வண்டி ஓடிப்போய்விடாது. ஒரு வருடம் ஒழுங்காக ஓட்டிக் காட்டட்டும், அப்புறம் பேசலாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. பணம் உங்களுடையது, பிள்ளையும் உங்களுடையவன்.

இரண்டாவது, "பயமே இல்லாம ஓட்டுறான் சார்" என்று பெருமையாகச் சொல்கிறீர்களே, அந்தப் பேச்சை விட்டுவிடுங்கள். பயம் இல்லாத பையனைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். பிள்ளைகள் நம் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எதைப் பாராட்டுகிறோமோ அதை இன்னும் கொஞ்சம் கூட்டிச் செய்வார்கள். "அந்த வளைவுல வேகத்தைக் குறைச்சுப் போன பாரு, அது நல்ல ஓட்டம்" என்று ஒரு நாள் சொல்லிப் பாருங்கள்.

மூன்றாவது, போன். வெளியே போன பிள்ளைக்கு ஏழு மணிக்கு ஒரு தடவை, ஏழரைக்கு ஒரு தடவை கூப்பிட்டு "எங்கடா இருக்க?" என்று கேட்கிறீர்கள். எடுக்காவிட்டால் திட்டு. அந்தத் திட்டுக்குப் பயந்து அவன் ஓடுகிற வண்டியில் ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு உங்களுக்குப் பதில் சொல்கிறான். ஓட்டும்போது அவன் எடுக்கவே கூடாது என்று இன்றைக்கே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். கிளம்பும்போது சொல்லட்டும், சேர்ந்ததும் சொல்லட்டும். நடுவில் நீங்களும் கூப்பிடாதீர்கள்.

ஹெல்மெட்டைப் பற்றி உங்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை, அதனாலேயே சொல்லத் தயங்குகிறேன். ஆனால் உங்கள் ஹெல்மெட் எங்கே இருக்கிறது? கண்ணாடியில் மாட்டியிருக்கிறது, உத்தமபாளையம் செக்கிங் வந்தால் தலைக்குப் போகிறது. பிள்ளை அதைத்தான் படிக்கிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட், தாடைப் பட்டையை 'டக்' என்று சத்தம் கேட்கப் பூட்டியது. இரண்டும் இருந்தால்தான் அது ஹெல்மெட். பட்டை போடாத ஹெல்மெட் விழும்போது தலைக்கு முன்னால் கழன்று ஓடிவிடும். பின்னால் உட்காருகிறவருக்கும் ஒன்று வேண்டும். லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து வண்டி வாங்கிய வீட்டில் இதற்குக் காசு இல்லை என்ற பேச்சை நான் ஏற்க மாட்டேன்.

எல்லாப் பழியையும் யூடியூபின் மேல் போடுகிற பெற்றோரும் உண்டு. 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் பக்கத்தில் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டி விழுந்த ஒரு யூடியூபரின் லைசென்ஸைப் பத்து வருடத்துக்கு ரத்து செய்தார்கள். நம் ஊர்ப் பையன்களும் அவரைப் பார்த்துக் கைதட்டியவர்கள்தான். ஆனால் போனில் தெரிகிற ஆளைவிட, பின்சீட்டில் உட்கார்ந்து தோளைத் தொட்டுச் சொல்கிற அப்பாவுக்குப் பலம் அதிகம். அந்த இடத்தைக் காலியாக விட்டால்தான் வேறு யாரோ வந்து உட்காருகிறார்கள்.

அந்தப் பின்சீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது என்று கேட்பீர்கள். முதல் சில வாரம், பகல் வெளிச்சத்தில் உத்தமபாளையம் வரைக்கும் திரும்பியும் போய்வாருங்கள். அவன் கண்ணாடி பார்க்கிறானா என்று மட்டும் கவனியுங்கள். கிளைப்பாதையிலிருந்து மெயின் ரோட்டில் ஏறும்போது நின்று, வலது, இடது, மறுபடியும் வலது பார்க்கிறானா? பஸ் நிற்கிறதென்றால் அதன் முன்னாலிருந்து ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை ஓடிவரும் என்று எதிர்பார்த்துக் குறைக்கிறானா? முன் பிரேக்கைத் தொடப் பயப்படுகிறானா? பாதிப் பேர் "முன் பிரேக் பிடிச்சா கவுந்துரும்" என்று கேட்டு வளர்ந்தவர்கள். பின் பிரேக்கை மட்டும் மிதித்து வண்டி அலசிக்கொண்டு போய் விழுகிறார்கள். வண்டியை நிறுத்துகிற வலுவில் பெரும்பங்கு முன் பிரேக்கில்தான் இருக்கிறது. நேராகப் போகும்போது இரண்டையும் சேர்த்து, அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பிடிக்கப் பழக்குங்கள். ஆள் இல்லாத ரோட்டில் திரும்பத் திரும்பச் செய்தால் கை தானாகக் கற்றுக்கொள்ளும்.

தார் விளிம்பைச் சொல்லிக்கொடுங்கள். எதிரே பஸ் நெருக்கினால் பையன் மண்ணில் இறங்குகிறான், அது தப்பில்லை. மறுபடி தாருக்கு ஏற அவசரப்பட்டு, விளிம்போடு ஒட்டியபடியே சாய்த்து ஏற்றும்போதுதான் சக்கரம் தடுக்கி, பின்னால் வருகிற வண்டிக்கு முன்னால் விழுகிறான். மண்ணிலேயே வேகத்தைக் கொன்று, நின்று, பார்த்து, குறுக்காக ஏற வேண்டும். இதைப் புத்தகத்தில் யாரும் எழுதிவைக்கவில்லை. நம் ரோட்டில் ஓட்டியவர்களுக்குத் தெரியும். அப்படியென்றால் உங்களுக்குத் தெரியும்.

ஆடிக் காற்று வேறு. நம் பள்ளத்தாக்கில் அந்த மாதங்களில் லாரிக்கு ஓரமாகப் போகிறவரை ஒன்றும் தெரியாது. லாரியைத் தாண்டியதும் காற்று பக்கவாட்டில் வந்து வண்டியையே தள்ளும். சொல்லிவைத்தால் எதிர்பார்த்துப் பிடிப்பான். மழையின் முதல் பத்து நிமிடத்தில் ரோட்டிலுள்ள ஆயிலும் தூசியும் சேர்ந்து வழுக்கும் என்று சொல்லுங்கள். சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் பைபாஸ்கள் வந்தபிறகு வெளியூர் வண்டிகள் வேகம் குறைக்காமல் வருகின்றன. பைபாஸை நம் ஊர்ப்பாதை சந்திக்கிற இடத்தில், தூரத்தில் தெரிகிற கார் நினைப்பதைவிடச் சீக்கிரம் வந்துவிடும். அங்கே அவனை நிறுத்தி, ஒரு கார் தெரிவதிலிருந்து நம்மைத் தாண்டுவதுவரை வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள். எண்ணிப் பார்த்த பிள்ளை அதை மறக்காது.

மலை ரோடு கடைசியில்தான். கம்பம்மெட்டோ குமுளியோ மேகமலையோ, முதல் தடவை உங்களோடுதான் போக வேண்டும், நண்பர்களோடு இல்லை. எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரில் இறங்க வேண்டும். பெட்ரோல் மிச்சம் என்று எஞ்சினை நிறுத்தி நியூட்ரலில் உருட்டிக்கொண்டு இறங்குகிற பழக்கம் நம்மிடம் உண்டு, பெரியவர்களே செய்கிறார்கள். எஞ்சின் பிடிமானம் இல்லாமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறி, தேவைப்படும் வளைவில் பிடிக்காமல் போகும். குறுகலான இடத்தில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டிதான் வழிவிட வேண்டும். 2022 டிசம்பரில் ஆண்டிபட்டிப் பக்கத்து ஐயப்ப பக்தர்கள் எட்டுப் பேர் குமுளி மலைச்சாலைப் பள்ளத்தில் கார் விழுந்து இறந்தது நமக்கு மறந்திருக்காது. அனுபவம் உள்ளவர்களுக்கே அந்த ரோடு இரக்கம் காட்டுவதில்லை.

மகள்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பையனுக்குச் சொல்லாமல் விடுகிறோம் என்றால், மகளுக்கு "மெதுவாப் போம்மா" என்ற ஒரே வார்த்தையோடு ஸ்கூட்டியைக் கொடுத்துவிடுகிறோம். மெதுவாகப் போவது மட்டும் பாதுகாப்பில்லை. பயந்து ரோட்டின் ஓர விளிம்பிலேயே ஓட்டுகிற பெண்ணைத்தான் எல்லா வண்டியும் உரசிக்கொண்டு முந்துகின்றன. தன் தடத்தில் நடுவாக, நிலையாக ஓட்ட அவளுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். துப்பட்டாவை உடம்போடு முடிந்துகொள்ள வேண்டும். கால் தரையில் முழுதாக ஊன்றுகிற உயரத்தில் வண்டி வாங்க வேண்டும். அவசரமாக நிறுத்திப் பழகாத மகள்கள் அதிகம். நாம் அவர்களை அந்தப் பயிற்சிக்கே விடுவதில்லை. அம்மாக்களே, உங்களுக்கு ஓட்டத் தெரியாவிட்டாலும் பின்னால் உட்கார்ந்து பார்க்கத் தெரியும். நீங்கள் உட்கார்ந்தாலே அவள் கவனம் கூடும்.

நண்பர்கள் விஷயத்தில்தான் உங்களுக்கும் பிள்ளைக்கும் சண்டை வரும். வரட்டும். முதல் ஆறு மாதம் சமவயதுக்காரன் ஒருவனையும் பின்னால் ஏற்றாதே என்று சொல்லுங்கள். மூன்று பேர் போவது எந்தக் காலத்திலும் கிடையாது. அதற்கு 1,000 ரூபாய் அபராதமும் மூன்று மாத லைசென்ஸ் தடையும் இருக்கின்றன. அதைவிட, மூன்று பேர் உட்கார்ந்த வண்டி வளைவில் திரும்பாது, பிரேக் பிடித்தால் நிற்காது. பின்னால் இரண்டு பேர் "போடா மாப்ளே, முந்துடா" என்று சொல்லும்போது பதினெட்டு வயதுப் பையன் குறைத்துப் போக மாட்டான். "எங்க அப்பா விடமாட்டாரு" என்று அவன் சொல்லிக்கொள்ளட்டும். நண்பர்கள் முன்னால் மானம் போகாமல் மறுக்க உங்கள் கண்டிப்பு அவனுக்கு ஒரு சாக்காக உதவும். பிள்ளைகளே என்னிடம் இதைச் சொல்லியிருக்கிறார்கள்.

ராத்திரியும் அப்படியே. வீரபாண்டித் திருவிழாவுக்கு ராத்திரி முழுக்க பைக்கில் போய்வருவது நம் பிள்ளைகளுக்கு ஒரு சடங்கு மாதிரி ஆகிவிட்டது. டிம் லைட்டில் 60-ல் போகிறவன் எதையாவது பார்த்து நிறுத்த 45, 50 மீட்டர் வேண்டும். எதிரே வருகிறவன் ஹை பீம் அடித்தால் அதில் பாதிகூடக் கண்ணுக்குத் தெரியாது. முதல் வருடத் திருவிழாவுக்கு அவனைப் பஸ்ஸில் அனுப்புங்கள், அல்லது குடும்பமாகப் போங்கள். சித்தப்பாவோ தாய்மாமனோ கூட்டிப்போகட்டும்.

ஊராருக்கும் ஒரு வார்த்தை. "உங்க பையன் கோம்பை ரோட்டுல பறக்குறான், பார்த்துக்கங்க" என்று ஒருவர் வந்து சொன்னால், "எம் பிள்ளையச் சொல்ல நீ யாரு?" என்று அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். இந்தப் பேச்சுக்குப் பயந்தே பலர் பார்த்தும் பார்க்காத மாதிரி போகிறார்கள். சொன்னவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். உங்கள் தெருவிலுள்ள பெற்றோர்கள் நான்கைந்து பேர் கூடி, நம் பிள்ளைகளை யார் பார்த்தாலும் யாருக்கும் சொல்லலாம் என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள். இதற்கு மனுவும் வேண்டாம், அதிகாரியும் வேண்டாம்.

நான் உங்களிடம் கேட்பது ஒரு வருடம். முதல் மூன்று மாதம் பகலில், பெரும்பாலும் உங்களோடு. ஆறு மாதம் வரை ராத்திரி எட்டு மணிக்கு மேல் தனியாக இல்லை, நண்பர்களை ஏற்றுவது இல்லை, மலை ரோடு இல்லை. பிறகு ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள். அதுவும் முதல் தடவை நீங்கள் கூட இருந்து. எதை எப்போது தளர்த்துவீர்கள் என்று முன்கூட்டியே அவனிடம் சொல்லிவிடுங்கள். முடிவு தெரிகிற கட்டுப்பாட்டைப் பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள். வண்டியில் கீறல் விழுந்தால், எங்காவது சறுக்கினால், பயந்து மறைக்காமல் உங்களிடம் வந்து சொல்கிற மாதிரி நடந்துகொள்ளுங்கள். சொன்ன அன்றைக்கு அடிக்காதீர்கள். எப்படி நடந்தது என்று அந்த இடத்துக்கே போய் இரண்டு பேரும் நின்று பாருங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பியுங்கள். சாவியை அவனிடம் கொடுத்துவிட்டு, உங்கள் ஹெல்மெட்டைப் பூட்டிக்கொண்டு பின்னால் ஏறுங்கள். போகும்போது கத்தாதீர்கள், திரும்பி வந்து வண்டியை நிறுத்தியபிறகு பார்த்ததைச் சொல்லுங்கள், நல்லதை முதலில் சொல்லுங்கள். உங்களுக்கு ஓட்டத் தெரியாது, என்ன பார்ப்பது என்று புரியவில்லை என்றால் என்னைக் கூப்பிடுங்கள். என்னிடம் படித்த பிள்ளையாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் நானும் வருகிறேன். அதற்குப் பணம் வாங்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் பிள்ளைகளுக்கு வண்டி சொல்லிக்கொடுப்பவன்
அனுமந்தன்பட்டி